நேற்றிரவு இசை நிகழ்ச்சியில் ஸ்பீக்கர் பக்கத்திலேயே 3 மணி நேரம் நின்றேன். காலையிலிருந்து இரண்டு காதிலும் 'கொய்ங்' என்று சத்தம், கூடவே லேசான அடைப்பு. இது நிற்குமா? இப்போது என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் நின்றுவிடும். உரத்த இசைக்குப் பிறகு வரும் இரைச்சலும், பஞ்சு வைத்தது போன்ற அடைப்பும் பலருக்கு 16 முதல் 48 மணி நேரத்தில் படிப்படியாக அடங்கும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் இழுக்கும். இந்த நாட்களில் நீங்கள் கவனிக்க வேண்டியது கேட்கும் திறனைத்தான். இரைச்சல் எவ்வளவு படுத்தினாலும் அதற்கு அவசரம் கிடையாது. கேட்கும் திறன் விழுந்திருந்தால் அதற்கு நாள் கணக்கு உண்டு. சத்தத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு இந்த இரண்டாவதைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள், ஒலியை நரம்புச் சிக்னலாக மாற்றும் முடிச் செல்கள் (hair cells) ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மணிக்கணக்கில் பலத்த ஒலி மோதினால் அவை களைத்துச் சாய்ந்துவிடும். சில மீண்டு நிமிரும், சில செத்துப்போகும். செத்தது மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. முதலில் அடிவாங்குவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைப் பிடிக்கும் பகுதி. அங்கிருந்து வரவேண்டிய சிக்னல் குறைந்ததும் மூளை தன் பக்கத்து வால்யூமைக் கூட்டிவிடுகிறது. யாரும் பேசாத மைக்கின் வால்யூமை ஏற்றினால் 'ஸ்ஸ்' என்று கேட்குமே, ஏறக்குறைய அதே கதைதான். இரைச்சல் கீச்சென்று உயர்ந்த சுருதியில் கேட்பதும் இதனால்தான். காதில் எண்ணெய் விடுவது, பட்ஸ் போட்டுக் குடைவது, மூக்கைப் பிடித்து ஊதுவது எதுவும் இதற்கு உதவாது. கோளாறு காதுத் துளையில் இல்லை.

முதல் 2 நாள் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஹெட்போன், இயர்போன் வேண்டாம். ஜிம், பார், தியேட்டர், டிரில், மிக்சி போன்றவற்றிலிருந்து விலகி இருங்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில் மட்டும் இயர்பிளக் போடலாம். ஓய்வு என்றதும் கதவைச் சாத்திக்கொண்டு நிசப்தத்தில் உட்காருகிறவர்கள் உண்டு. அது எதிர்விளைவையே தரும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நன்றாகக் காது கேட்கும் 80 பேரை ஒலிபுகாத அறையில் சில நிமிடம் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஒரு குறையும் இல்லாத காதுக்கே நிசப்தத்தில் அப்படி என்றால், நேற்று அடிவாங்கிய காதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டுக்குள் இயர்பிளக்கோடு நடமாடுவதும் இதே தப்புதான். உள்ளே வரும் ஒலி குறையக் குறைய மூளை இன்னும் வால்யூமைக் கூட்டும்.

அடுத்து, கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாக உரசிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறதா? போனில் ஒருவர் பேசுவதைக் குறைந்த வால்யூமில் இரண்டு காதிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு காது மந்தமாக இருந்தால், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். முனகல் மந்தமான காதில் பலமாகக் கேட்டால் அழுக்கு, சளி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம், அன்றைக்கே ஈஎன்டி டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று உள்காதுச் செவித்திறன் விழுந்தால் தரப்படும் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்குவது வழக்கம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. செவித்திறன் குறையாமல் இரைச்சல் மட்டும் இருந்தால் அந்த மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்று நீங்களாக விழுங்கிவிடாதீர்கள்.

தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், காதிலிருந்து ரத்தமோ நீரோ வடிதல் இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டால் அது வேறு வகை, ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இது எதுவும் இல்லை, ஆனால் 3 நாள் கழித்தும் இரைச்சலோ அடைப்போ குறையவில்லை என்றால், அந்த வாரத்திலேயே ஒரு ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைபடமாகக் காட்டும் சோதனை) எடுத்துவிடுங்கள். வழக்கமான அளவுகளோடு 3,000, 6,000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில இடங்களில் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடுவார்கள், இசையால் கேட்கும் திறன் குறைந்து வரைபடத்தில் வரும் பள்ளமோ அந்தப் பக்கத்தில்தான் விழும்.

ராத்திரிதான் கஷ்டம். மழைச் சத்தம், மின்விசிறி, கடலலை என்று திடீர் ஏற்ற இறக்கம் இல்லாத ஒலி ஏதாவது தலைமாட்டில் ஓடட்டும், ஸ்பீக்கரில் மட்டும். வால்யூமை இரைச்சல் முழுகும் அளவுக்கு ஏற்ற வேண்டாம். மழையும் கேட்க வேண்டும், பின்னால் இரைச்சலும் லேசாகக் கேட்க வேண்டும். முழுதாக மூடிவிட்டால், அந்த ஒலியை நிறுத்திய நொடியில் இரைச்சல் பூதாகரமாகத் தெரியும்.

பகலில் 'இன்னும் இருக்கிறதா' என்று காதைத் தீட்டிப் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இரைச்சலின் சுருதியைக் கண்டுபிடிக்கும் ஆப்களுக்கும் இதே விதி. எதைத் தினமும் தேடுகிறோமோ அதை முக்கியமான ஒலி என்று மூளை குறித்துவைத்துக்கொள்ளும். தாடையை இறுக்கும்போதோ கழுத்தைத் திருப்பும்போதோ இரைச்சல் மாறினால் பயப்பட வேண்டாம், அந்தத் தசை நரம்புகளுக்கும் கேட்கும் பாதைக்கும் மூளைத் தண்டில் இணைப்பு இருக்கிறது. தூக்கக் குறைவும் பதற்றமும் இரைச்சலைக் கூட்டிக் காட்டும்.

மாத்திரை விஷயம் சுருக்கம்தான்: ஜிங்கோ என்ற மூலிகை, துத்தநாகம், 'காது இரைச்சல் கேப்சூல்' எதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஆஸ்பிரினை அதிக டோஸில் எடுத்தால் அதுவே இரைச்சலைக் கொண்டுவரும். டாக்டர் எழுதிக்கொடுத்து ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

மாதங்கள் கடந்தும் இருந்தால்? பெரும்பாலானவர்களுக்கு மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகிக்கொள்ளும், கடிகார முள்ளின் சத்தத்தை விடுகிற மாதிரி. பழகாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (சிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சை) நல்ல ஆதாரம் இருக்கிறது. அது சத்தத்தைக் குறைப்பதில்லை, சத்தத்தால் வரும் அவதியைக் குறைக்கிறது. செவித்திறனும் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவியே இரைச்சலுக்கும் உதவும்.

முழுதாகச் சரியானாலும் 'ஒன்றும் ஆகவில்லை' என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் சுண்டெலிகளை 2 மணி நேரம் 100 டெசிபல் ஒலியில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் முடிச் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் சில பகுதிகளில் ஏறக்குறைய பாதி திரும்பவே இல்லை.

அடுத்த முறைக்கான கணக்கு இது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கான ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிஞ்சுவது 15 நிமிடம், ஸ்பீக்கர் முன்னால் சத்தம் 100 டெசிபலைவிட அதிகமாகவே இருக்கும். பஞ்சு அடைப்பது ஏறக்குறைய வீண். இசையின் தெளிவு கெடக் கூடாது என்றால் இசைக் கலைஞர்களுக்கான ஃபில்டர் வைத்த இயர்பிளக் வாங்குங்கள். சாதாரண ஃபோம் பிளக்கும் போதும், ஆனால் பாதிப் பேர் அதைத் துளை வாசலில் ஒட்டவைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். விரல்களுக்கிடையே உருட்டி மெல்லிய குச்சி மாதிரி ஆக்குங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், வளைந்த துளை நேராகும். உடனே உள்ளே செருகி, அது விரியும்வரை 30 வினாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு உள்ளங்கையால் காதைப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை, எடுத்துத் திரும்ப உருட்டுங்கள். இதையெல்லாம் அரங்குக்குள் நுழைவதற்கு முன்பே செய்துவிடுங்கள். நண்பர் சொல்வது கேட்கவில்லை என்று நடுவில் கழற்றிவைக்கும் 15 நிமிடத்திலேயே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும்.