சாடிக்குள் நிற்கும் ஆல்

கேள்வி: மகன் கொழும்பிலிருந்து ஒரு பொன்சாய், அதுதான் சாடியில் குட்டையாக வளர்க்கும் மரம், கொண்டு வந்து தந்தான், பைகஸாம். ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்து, காலையில் தவறாமல் ஒரு கோப்பை தண்ணீர் விடுகிறேன். இரண்டு கிழமைக்குள் பாதி இலை கொட்டிவிட்டது. மண்ணில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. செத்துவிடுமா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: முதலில் ஒரு சின்னக் கொப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. பைகஸ் என்றால் நம்முடைய ஆல், அரசு, இத்தியின் இனம்தான். இடம் மாறினால் கோபித்துக்கொண்டு இலையைக் கொட்டுவது அதன் குணம். ஆனால் ரீவிப் பக்கம் வேண்டாம். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் ஹோல் மரத்துக்கு இருட்டு. கிழக்குப் பார்த்த யன்னலோடு ஒட்டி வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள்.

தினமும் ஒரு கோப்பை என்ற கணக்கையும் விடுங்கள். ஓர் ஈர்க்கை மண்ணில் குத்திக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள், ஈரமாக வந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை, காய்ந்து வந்தால் அடி ஓட்டையால் வழிந்தோடும்வரை ஊற்றுங்கள், தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். அந்த வெள்ளை உங்கள் கேத்திலுக்குள் படிகிறதே, அதேதான் பெரும்பாலும். யாழ் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் வேறெப்படி இருக்கும்! மேல்மண்ணைச் சுரண்டி மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து வைத்தால் மரத்துக்கு விருந்து, வாளியை மட்டும் இறுக்கி மூடுங்கள், டெங்கு நுளம்புக்கும் அது விருந்துதான்.

கேள்வி: எங்கள் கிணற்றுக் கட்டில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அதைப் பொன்சாய் ஆக்கலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: கடையில் காசு கொடுத்து வாங்குவதைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். ஒரு பிடி மண்கூட இல்லாமல் சீமெந்து வெடிப்பில் பிழைத்த கன்றுக்குச் சாடி ஒரு பொருட்டா? பிடித்து இழுக்காதீர்கள், வேர் அறுந்துவிடும். மழை பெய்து ஊறிய நாளில் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி, வேரோடு எடுங்கள். பால் வடியும், கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனிச் செம்மண்ணில் நட்டால் தட்டைச் சாடிக்குள் அது செங்கல்லாக இறுகிவிடும். உடைத்த ஓட்டுத் துண்டை அரித்துத் தூளை எறிந்துவிட்டு, பயறளவு துண்டுகளைப் பாதிக்குப் பாதி கலவுங்கள். மேலே ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து, தளிர் வரும்வரை நிழலில் வையுங்கள். முதல் ஒரு வருடம் விறாந்தையோடு நிற்கட்டும், வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். வடிவாக வளைக்கக் கம்பி சுற்றுவதெல்லாம் தண்டு தடித்த பிறகு. சுற்றினாலும் பட்டையில் பதியமுதல் கழற்றிவிடுங்கள், அந்தத் தழும்பு லேசில் மறையாது.

கேள்வி: அரசமரத்தை வீட்டுக்குள் வளர்க்கக் கூடாது என்கிறா அம்மம்மா. உண்மையா?
- வாசகி, நல்லூர்

பதில்: அம்மம்மாவோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் அரசின் இலை பெரிது, சின்னச் சாடியில் குடை பிடித்த மாதிரி நிற்கும். இத்தியை வையுங்கள், இருவருக்கும் சண்டை இல்லை.