படபடப்பு நின்றுவிட்டது, மாத்திரையும் நிற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு பற்றி வரும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

எனக்கு 68 வயது, ரத்தக்கொதிப்பு உண்டு. சில மாதங்களாகப் படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தலாமா?

வேண்டாம். படபடப்பு வேறு, பக்கவாத ஆபத்து வேறு. இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பை இருக்கிறது. ரத்தம் அதில் தேங்கி உறையும். அந்தக் கட்டி கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. துடிப்பு தாறுமாறாகும் நேரங்களில் பலவற்றை நாம் உணர்வதே இல்லை என்பதால், 'எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மருத்துவர் பார்ப்பது பக்கவாத ஆபத்தைக் கணக்கிடும் மதிப்பெண்ணை. 65 வயது ஆனால் 1, 75 ஆனால் 2. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதயச் செயலிழப்பு, ரத்தநாள அடைப்பு ஒவ்வொன்றுக்கும் 1. ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தால் 2. உங்களுக்கு இப்போதே 2 ஆகிவிட்டது. மாத்திரை தொடர வேண்டியதுதான்.

அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதாதா?

போதாது. 2011இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தவர்களைவிட அபிக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரை எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது. பெரிய ரத்தக்கசிவிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்பிரின் 'லேசான' மாத்திரை என்ற நம்பிக்கை ஏனோ போகவே மாட்டேன் என்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு காரணத்துக்காகத் தந்தது.

வார்ஃபரின் என்ற பழைய உறைவுத் தடுப்பு மாத்திரை எடுக்கிறேன். கீரை சாப்பிடவே கூடாதா?

சாப்பிடலாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறி மாறிச் சாப்பிட்டால்தான் சிக்கல். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்புறம், ஐ.என்.ஆர். பார்க்கும் தொல்லை இல்லாத புது மாத்திரைகள் (அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டாபிகட்ரான் போன்றவை) இருக்கின்றனவே என்று நீங்களாக மாறிவிடாதீர்கள். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும், மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான்.

புது மாத்திரைதான் எடுக்கிறேன். ஒரு வேளை மறந்துவிட்டால்?

தினம் இரண்டு வேளை மாத்திரை என்றால் 6 மணி நேரத்துக்குள், ஒரு வேளை என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம். ரிவராக்ஸபானை (15, 20 மி.கி.) சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் உடம்பில் சரியாகச் சேராது. டாபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிச் சாப்பிடக் கூடாது. ஈரம் பட்டால் கெடும் என்பதால் வாரக்கணக்கு மாத்திரை டப்பாவிலும் அதைப் போட்டு வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு 80 வயது. அடிக்கடி தடுமாறி விழுகிறார். ரத்தக்கசிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். ஆனால் விழுகிறார் என்பதற்காக மட்டும் மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலும் இழப்புதான் அதிகம். குறைக்கக்கூடிய ஆபத்துகளைக் குறையுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா? மூட்டு வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி எதையாவது கேட்காமல் போட்டுக்கொள்கிறாரா? கசிவோடு வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியதே இந்த வலி மாத்திரையைப் பற்றித்தான். சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது தேவை, மாத்திரையின் அளவு அதைப் பொறுத்து மாறலாம். தலையில் அடிபட்டால், அவர் 'ஒன்றுமில்லை' என்றாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்ளேஷன் செய்துகொண்டால் நோய் தீர்ந்ததா?

அப்ளேஷன் என்பது தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை. பலருக்குத் துடிப்பு சீராகிறது, சிலருக்குத் திரும்ப வருகிறது, இரண்டாம் முறையும் செய்ய வேண்டியிருக்கும். உறைவுத் தடுப்பு மாத்திரை குறைந்தது இரண்டு மாதம் எல்லோருக்கும் உண்டு. அதன் பிறகு தொடர்வதா என்பதை, துடிப்பு சீராகிவிட்டதா என்பதைவிட மேலே சொன்ன மதிப்பெண்தான் தீர்மானிக்கிறது. உடல் பருமன், மது, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு அப்ளேஷனை மட்டும் நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

பக்கவாதம் வருவது போலிருந்தால் வீட்டில் என்ன செய்வது?

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சு குழறுவது: எது வந்தாலும் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். சரியாகிவிடுகிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரம் முக்கியம். உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும், மாத்திரை அட்டையைக் காட்டி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.