ஆசிட் ஆவியை உள்ளே விட்டால் ஒரு நோட்டீஸ், வெளியே விட்டால் இன்னொரு நோட்டீஸ்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ் பகுதியில் நானும் தம்பியும் ஒரு சிறிய கால்வனைசிங் பட்டறை நடத்துகிறோம். இரும்புச் சாமான்களை ஆசிட்டில் ஊறவைத்து, உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் வேலை. 19 பேர் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் வந்து, ஆசிட் தொட்டிப் பக்கம் ஆவி அதிகம், 60 நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துக் கூரை வழியாகக் குழாய் விட்டோம். இப்போது மாநகராட்சியின் காற்றுத்தர அதிகாரி, லைசென்ஸில் இல்லாத புகைபோக்கி என்று நிறுத்தச் சொல்கிறார். இணக்க நோட்டீஸ் (சட்டத்துக்கு இணங்கி நடக்கச் சொல்லும் உத்தரவு) தரப்போவதாக முன்கடிதமும் வந்துவிட்டது. மெர்பேங்க் குடியிருப்புப் பக்கமிருந்து புகார் போயிருக்கிறதாம். ஒரு சட்டம் சொன்னதைச் செய்ததற்கு இன்னொரு சட்டம் தண்டிக்கலாமா? இரண்டில் எது மேல்?

பதில்: முதலில் தொழிலாளர் துறை நோட்டீஸை எடுத்து, அதில் உள்ளதை மட்டும் படியுங்கள். இத்தகைய நோட்டீஸ்கள் தொழிலாளி மூச்சில் போகும் ஆவியைக் கட்டுப்படுத்தச் சொல்லும். கூரையில் ஓட்டை போட்டு அதை அப்படியே வெளியே ஊதிவிடச் சொல்லாது. ஓட்டை போட்டது ஃபேன் மாட்டியவரின் யோசனை. உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

எது மேல் என்று கேட்டீர்கள். 2004-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் காற்றுத்தரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. அந்தச் சட்டம் வருமுன் நடப்பில் இருந்த வேறு தேசியச் சட்டத்தோடு முரண் வந்து, அந்த முரண் காற்றுத்தர நிர்வாகத்தைப் பற்றியதாக இருந்தால், காற்றுத்தரச் சட்டமே நிற்கும். உங்கள் இன்ஸ்பெக்டர் செயல்பட்ட தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம் 1993-இல் வந்தது, ஆகவே முரண் இருந்தால் காற்றுத்தரச் சட்டமே மேல். ஆனால் முரண் என்று சொல்ல, ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீறியே ஆகவேண்டும் என்ற நிலை இருக்கவேண்டும். இங்கே அது இல்லை. ஆவியைப் பிடித்துக் கழுவி, மிச்சத்தை உரிமத்தில் குறித்த புகைபோக்கி வழியாக விட்டால் இரண்டு சட்டமும் திருப்திப்படும். 1993 சட்டத்தின் 9-ஆம் பிரிவையும் பாருங்கள்: உங்கள் தொழிலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடிய வெளியாரையும், நியாயமாக முடிந்த அளவுக்கு, ஆபத்திலிருந்து காக்கவேண்டும் என்கிறது. மெர்பேங்க் வீட்டுக்காரர் அந்தச் சட்டத்துக்குள்ளும் வந்துவிடுகிறார்.

2012-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்த்த மக்சாண்ட் வழக்கும் இதே திசையில்தான் போகிறது. கேப்டவுன் மிட்செல்ஸ் பிளெயின் மணல்மேடுகளில் மணல் எடுக்க அந்த நிறுவனத்திடம் தேசிய அரசின் சுரங்க அனுமதி இருந்தது. நிலப்பயன்பாட்டு வகை மாற்றம் இல்லாமல் தோண்டமுடியாது என்றது நகராட்சி. சுரங்கச் சட்டம் நிலப்பயன்பாட்டுச் சட்டத்தை விழுங்கிவிடாது, இரண்டு அனுமதியும் வேண்டும் என்பது தீர்ப்பு. ஆகவே "தொழிலாளர் துறை சொல்லித்தான் செய்தோம்" என்ற ஒரே வாதத்தோடு போகாதீர்கள். தண்டனையைக் குறைக்க அது உதவலாம், தப்பிக்க உதவாது.

தொகைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான குற்றத்துக்கு உச்ச அபராதம் 50,000 ரேண்ட் அல்லது ஓராண்டுச் சிறை. காற்று உரிம நிபந்தனையை மீறினால் 50 லட்சம் ரேண்ட் அல்லது ஐந்தாண்டு வரை, இரண்டாவது முறை அதுவே இரட்டிப்பு. இதைப் பார்த்து ஃபேனை மட்டும் அணைத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆவிக்குள் ஆட்களை நிறுத்தினால் இன்ஸ்பெக்டர் தடையாணை போட்டுப் பட்டறையையே மூடலாம், மேல்முறையீடு செய்தாலும் அந்தத் தடை தானாக நிற்காது.

அதனால் இன்றைக்கே செய்யவேண்டியது ஆசிட் வேலையை நிறுத்துவது. தொட்டிகளுக்கு மூடி போடுங்கள், ஃபேனையும் அணைத்து எழுத்தில் பதிவு செய்யுங்கள். துத்தநாகத் தொட்டியை அணைக்கவேண்டாம். துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உறைந்துவிடும், அதை மறுபடி உருக்குவது தொட்டிக்கே கேடு. சாமான் முக்காமல் சூட்டில் மட்டும் வைத்திருங்கள். அவசர ஆர்டர்களை உரிமம் உள்ள வேறு பட்டறைக்குக் கொடுங்கள்.

அடுத்தது மாநகராட்சிக் கடிதம். அது இன்னும் நோட்டீஸ் அல்ல, நோட்டீஸ் தரும் எண்ணத்தைச் சொல்லி உங்கள் விளக்கத்தைக் கேட்பது. கடிதத்தில் குறித்த நாளுக்குள் பதில் போயாகவேண்டும். ஆசிட் வேலை நின்ற தேதி, தற்காலிக ஏற்பாடு, ஸ்க்ரப்பர் (ஆவியைக் கழுவும் கருவி) எப்போது வரும், உரிம மாற்ற விண்ணப்பம் எந்த நாளில் போகும், இவ்வளவு போதும். பதில் சரியாக இருந்தால் பல நேரம் நோட்டீஸே வராது. வந்துவிட்டால் ஆட்சேபணைக்கு 30 நாள். ஆட்சேபித்தாலும் நோட்டீஸ் நடப்பில்தான் இருக்கும், அதை நிறுத்திவைக்கத் தனியாக எழுதிக் கேட்கவேண்டும்.

தொழிலாளர் துறை நோட்டீஸை எதிர்த்துத் தலைமை இன்ஸ்பெக்டரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள்தான் அவகாசம், அது போய்விட்டது. ஆனால் கெடுவை நீட்டித்து எழுதித்தர இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு. ஸ்க்ரப்பர் ஆர்டரின் நகல், காற்று அளவீட்டு நிறுவனத்தின் அறிக்கை, மூடியும் ஆவியடக்கும் கரைசலும் போட்ட படங்கள் ஆகியவற்றோடு போய்க் கேளுங்கள். நோட்டீஸை உங்கள் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்கும் சம்பந்தப்பட்ட தொழிலாளிகளுக்கும் காட்டியிருக்கவேண்டும். பலர் அதை மேசை டிராயரில் வைத்துவிடுகிறார்கள், அது தனிக் குற்றம்.

இனி உரிமம். கால்வனைசிங், காற்றுத்தரச் சட்டத்தின்கீழ் உமிழ்வு உரிமம் தேவை என்று பட்டியலிட்ட தொழில்களில் 4.22-ஆம் உட்பிரிவு. பட்டறை சிறியது என்ற விலக்கு அதில் கிடையாது. வரம்பு: ஹைட்ரஜன் குளோரைடு சாதாரண கனமீட்டருக்கு (குறித்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் கணக்கிட்ட கனமீட்டர்) 30 மில்லிகிராம், துகள் 10 மில்லிகிராம். பழைய ஆலைகளுக்கு இருந்த 15 என்ற சலுகை 2020 ஏப்ரல் 1-உடன் முடிந்தது. உங்கள் உரிமத்தில் துத்தநாகத் தொட்டியின் புகைபோக்கி மட்டும் இருந்தால், இரண்டாவதைச் சேர்க்க அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவின்கீழ் மாற்றம் கேட்கவேண்டும். படிவத்தில் புகைபோக்கியின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரையிலிருந்து உயரம், பக்கத்துக் கட்டடத்துக்கு மேல் உயரம், வாயின் விட்டம், வெளியேறும் வெப்பம், வேகம், ஓடும் மணிநேரம் என்று எல்லாம் கேட்பார்கள். மாற்றத்தால் சுற்றுச்சூழல் பாதிப்பு கூடும் என்றால் பொதுமக்களுக்கு அறிவிப்பு தரவேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கழுவி விடுவதால் மொத்த உமிழ்வு குறைகிறது என்று இன்ஜினியரின் கணக்கோடு காட்டினால் அந்தச் சுற்று மிச்சமாகலாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2014 சுற்றுச்சூழல் மதிப்பீட்டு விதிகளின் முதல் பட்டியல், 34-ஆம் செயல்: ஏற்கெனவே உள்ள ஆலையை விரிவாக்குவதால் உமிழ்வு உரிமமோ உரிமத் திருத்தமோ தேவைப்பட்டால், முன்கூட்டியே அடிப்படை மதிப்பீடு (சுருக்கமான சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு) வேண்டும். விரிவாக்கம் என்றால் ஆலையின் கொள்ளளவோ தரையளவோ கூடுவது என்று விதியே விளக்கம் தருகிறது. ஸ்க்ரப்பரைக் கூரைக்குள் இருக்கும் தளத்தில் வைத்தால் இரண்டும் கூடவில்லை என்று வாதிடலாம். வெளியே புதிதாகக் கான்கிரீட் தளம் போட்டால் தரையளவு கூடியதாகிவிடும். ஆகவே இடத்தை முடிவுசெய்யும் முன், குவாசுலு-நட்டால் மாகாணச் சுற்றுச்சூழல் துறையிடம் எழுத்தில் கருத்துக் கேளுங்கள். கேட்காமல் வேலையை முடித்துவிட்டு, பிறகு தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தின் 24ஜி பிரிவின்கீழ் பின்னனுமதி கேட்டுப் போனால் நிர்வாக அபராதத்தின் உச்சம், 2023 ஜூன் 30 முதல், ஒரு கோடி ரேண்ட். அபராதத்தைக் கட்டினாலும் வழக்குப் போடமாட்டார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. தேவையா இல்லையா என்று தெரியுமுன்னே அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் ஆலோசகரை மாற்றுங்கள்.

ஸ்க்ரப்பர் வாங்கும்போது, இப்போது போட்டிருக்கும் குழாய் என்ன உலோகம் என்று பாருங்கள். கால்வனைஸ் தகரமாக இருந்தால், ஆசிட் ஆவி துத்தநாகத்தை என்ன செய்யும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாலிபுரொப்பிலீன் அல்லது ஃபைபர் குழாய் போடுங்கள். தொட்டியின் நீளவாட்டில் விளிம்பை ஒட்டி உறிஞ்சும் வாய் இருக்கட்டும். தலைக்கு மேல் தொங்கும் கூண்டு, குனிந்து நிற்பவரின் மூக்கு வழியாகத்தான் ஆவியை இழுக்கும். புகைபோக்கியில் அளவெடுக்கும் துளைக்கு முன் குழாய் விட்டத்தைப்போல எட்டு மடங்கும் பின் இரண்டு மடங்கும் நீளத்துக்கு நேர்க்குழாய் இருப்பது நல்லது. 400 மில்லிமீட்டர் குழாய் என்றால் 3.2 மீட்டரும் 80 சென்டிமீட்டரும். இது இல்லாத புகைபோக்கியில் எடுத்த அளவீட்டை அதிகாரி ஏற்க மறுக்கலாம், கிரேன் கூப்பிட்டுப் பிரித்து மாட்டவேண்டிவரலாம்.

கழுவிய தண்ணீர் அமிலமாக வரும். அதைச் சாக்கடையில் விடத் தொழிற்கழிவுநீர் அனுமதி திருத்தப்படவேண்டும், இது மாநகராட்சியிலேயே வேறு பிரிவு. காற்றுத்தர அதிகாரி அவர்களிடம் சொல்லியிருப்பார் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், நீங்களே விண்ணப்பியுங்கள். பழைய ஆசிட்டும் சேறும் அபாயகரக் கழிவு. 80 கனமீட்டருக்கு மேல் சேமிக்கும் வசதி இருந்தால் அதற்கென்று தனித் தரவிதிகள் உண்டு. அதற்குக் குறைவாக இருந்தாலும் ஏற்றிப்போன லாரியின் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு துறைக்கும் போகும் கடிதங்களில் ஒரே தேதிகள், ஒரே வரைபடம், ஒரே ஃபேன் அளவு இருக்கவேண்டும். ஒன்றின் நகலை மற்றதற்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து நீங்கள் போடுவதா தம்பி போடுவதா என்று யோசித்துப் போடுங்கள்: நிறுவனம் செய்த சுற்றுச்சூழல் குற்றத்துக்கு, அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத இயக்குநரும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாளி.