சைக்கிள் பாதைக்கு ஓட்டு: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் கையேடு வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். அதிபர் யார் என்பதில் எல்லோரும் தெளிவாக இருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் 'மெஷர்', அதாவது ஒரு வரியையோ விதியையோ நேரடியாக மக்கள் ஓட்டுக்கு விடும் சமாச்சாரத்தில்தான் குழப்பம்.

66 சதவீதம் பேர் ஆதரித்தும் ஒரு வரி தோற்றதாமே? (பிரீமாண்ட்)

உங்கள் அலமேடா கவுண்டியிலேயே (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) நடந்ததுதான். 2012 நவம்பரில் போக்குவரத்து வரிக்கான மெஷர் பி1 வாங்கியது 66.53 சதவீதம். தேவைப்பட்டது 66.67. கலிபோர்னியாவில் உள்ளூர் அரசு ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வரி கேட்டால், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் மெஷர் ஜே-யும் 66.1-ல் கவிழ்ந்தது. இரண்டு வருடம் கழித்து அலமேடாவில் மெஷர் பிபி 70 சதவீதத்தைத் தாண்டி வென்றது. அந்தப் பணத்தில் 8 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும்.

இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை உண்டு. பிரெஸ்னோவில் 2018-ல் பூங்காக்களுக்கும் நடை, சைக்கிள் பாதைகளுக்கும் பணம் திரட்ட மெஷர் பி (P) வந்தது. கிடைத்தது 52 சதவீதம்தான். தோற்றுவிட்டது என்றது நகராட்சி. ஆனால் அதைக் கொண்டுவந்தது நகராட்சி இல்லை, கையெழுத்து திரட்டிய பொதுமக்கள். அப்படியானால் பாதிக்கு மேல் இருந்தாலே போதும் என்று 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கையேட்டைப் பிரித்ததும், இதைக் கொண்டுவந்தது யார் என்று முதலில் பாருங்கள்.

நான் கார்தான் ஓட்டுகிறேன். சைக்கிள்காரர்களுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்? (டாரன்ஸ்)

உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 2016-ல் வென்ற மெஷர் எம் அரை சென்ட் விற்பனை வரி. 100 டாலருக்கு ஏதாவது வாங்கினால் 50 சென்ட். நடை, சைக்கிள் திட்டங்களுக்கென்று தனியாக ஒதுக்கியது அதில் 2 சதவீதம், அதாவது ஒரு சென்ட். இதற்கா சண்டை?

ஓட்டுப் போட்டோம், ஜெயித்தது. சொன்ன பாதைகள் எங்கே? (சியாட்டில்)

கோபம் நியாயமானது. 2015-ல் உங்கள் ஊர் 93 கோடி டாலர் சொத்து வரிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒன்பது வருடத் திட்டம். பிரசாரத்தில் இத்தனை மைல் பாதுகாப்பான சைக்கிள் பாதை என்று பட்டியல் போட்டார்கள். செலவைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 2018-ல் நகராட்சியே உட்கார்ந்து இலக்குகளை மாற்றி எழுதியது. சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் சாலைதான். தனித்தனித் துண்டாகக் கிடக்கும் சைக்கிள் பாதையோ யாருக்கும் உதவாது. அதனால்தான் வலி அதிகம்.

என் கட்சி இதுதான்: மைல் கணக்கை விட, சதவீதத்தை வரியின் வாசகத்திலேயே பூட்டி வைப்பது மேல். சான்டா குரூஸ் கவுண்டியின் 2016 மெஷர் டி-யில் 17 சதவீதம் கடலோரப் பாதை உள்ளிட்ட நடை, சைக்கிள் வேலைகளுக்கு என்று எழுதியே இருக்கிறது. வசூல் குறைந்தால் பங்கும் குறையும், சரி. ஆனால் அதை வேறு பக்கம் திருப்புவது லேசில்லை. அப்புறம் 2024-ல் சியாட்டில் மறுபடி 155 கோடி டாலருக்குச் சரி சொன்னது. மக்களுக்குப் பொறுமை ஜாஸ்திதான்.

பாண்ட் நல்லதா, விற்பனை வரி நல்லதா? (ஆஸ்டின்)

பாண்ட் என்பது கடன். உங்கள் 2020 புரொபசிஷன் பி (மெஷருக்கு உங்கள் ஊரில் அதுதான் பெயர்) 46 கோடி டாலர்: நடைபாதைக்கு 8 கோடி, டிரெயில்களுக்கு (சாலையை விட்டு விலகிய நடை, சைக்கிள் தடங்கள்) 8 கோடியே 5 லட்சம், சைக்கிள் பாதைக்கு 4 கோடி. வட்டியோடு சொத்து வரியில் அடைப்பீர்கள். பெரிய பாலம் மாதிரி ஒரே மூச்சில் கட்ட வேண்டியதற்கு அதுதான் சரி. ஆனால் கடன் வாங்கிக் கட்டலாம், தினமும் பெருக்க முடியாது. புத்தம்புதுப் பாதை ஒன்றில் கண்ணாடித் துண்டு ஏறி ஒரே மாதத்தில் இரண்டு டியூப் மாற்றியவன் சொல்கிறேன்.

செயின்ட் லூயிஸ் பகுதி 2000-ல் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விற்பனை வரியாகக் கேட்டது. வருடா வருடம் வரும் பணம் என்பதால் கிரேட் ரிவர்ஸ் கிரீன்வே என்று தனி அமைப்பே உருவானது. சிறுகச் சேரும் பணம்தான், ஆனால் நிற்காது.

மெஷர் எச்எல்ஏ ஜெயித்தும் எங்கள் தெருவில் ஒன்றும் மாறவில்லையே? (லாஸ் ஏஞ்சலஸ்)

2024 மார்ச்சில் வென்ற அது பணம் தரும் மெஷர் இல்லை. நகராட்சி 660 அடிக்குக் குறையாமல் சாலையைப் புதுப்பித்தால், நகரின் போக்குவரத்துத் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பாதையையும் சேர்த்துப் போட வேண்டும் என்கிற கட்டளை, அவ்வளவே. உங்கள் தெரு அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும், புதுத் தார் போடும்வரை காத்திருக்க வேண்டும்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு இதில் என்ன வேலை? (சான் ஹோசே)

வரி கட்டுகிறீர்கள், ஓட்டுதான் இல்லை. தப்பித்தவறிக்கூட வாக்காளராகப் பதிந்துவிடாதீர்கள், கிரீன் கார்டுக்கே ஆபத்து. ஆனால் நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. மெஷருக்கான வேலைகளின் பட்டியல் தயாராகும்போதே போய், உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகும் வழியில் எந்தச் சந்திப்பைக் கடக்க முடியவில்லை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.