பிஎச்பி தளத்தில் பக்கம் வெள்ளையாக வருகிறது, பிழைச் செய்தி எதுவுமே இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பெரும்பாலும் சர்வர் பிழையை எங்காவது எழுதித்தான் வைத்திருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை நிரலில் கை வைக்காதீர்கள்.

சிங்கப்பூரில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய தமிழ் அமைப்பு நடத்துகிறோம். ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவை ஒட்டி மாணவர்களுக்குப் போட்டி வைப்போம். ஒரு வருடம், பதிவு முடிய 2 நாள் இருக்கும்போது ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் கேட்டார்: "தம்பி, பேர் கொடுக்கலாம்னு பார்த்தா பக்கம் வெள்ளையா இருக்கே?"

முதலில் கண்ட்ரோல் யூ அழுத்திப் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தேன். தலைப்புப் பகுதி வந்திருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அதாவது நிரல் ஓடத் தொடங்கி, பாதியில் செத்திருக்கிறது. மூலம் முழுதாக வந்தும் திரை வெள்ளையாக இருந்தால், பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில்தான் சிக்கல். எஃப்12 அழுத்தி கன்சோலில் சிவப்பு வரிகளைப் பாருங்கள்.

அடுத்தது லாக், அதாவது சர்வர் பிழைகளை எழுதிவைக்கும் கோப்பு. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை வைத்த பல ஹோஸ்டிங்கில் தளத்தின் கோப்புறையிலேயே எரர்_லாக் என்று ஒரு கோப்பு இருக்கும். எங்களிடமும் இருந்தது. ஆனால் கடைசி வரியில் மதியம் 2.40 என்று நேரம். நான் பார்த்தது இரவு 10.40-க்கு. பழைய பிழை என்று மூடிவிட்டு, டேட்டாபேஸில் குற்றம் தேடி 2 மணி நேரம் போனது. அப்புறம்தான் உறைத்தது: லாக் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, சிங்கப்பூர் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. அந்த வரி சற்றுமுன் எழுதப்பட்டது!

அதில் எல்லாமே இருந்தது. ஈச் என்ற ஃபங்ஷன் (பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது) இல்லை என்று கோப்பின் பெயர், வரி எண்ணோடு சொல்லியிருந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி 7.4-இலிருந்து 8-க்கு மாற்றியிருக்கிறது. ஈச் 7.2-இலேயே கைவிடப்படும் என்று எச்சரித்து, 8.0-இல் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் ஃபோர்ஈச் போட்டதும் பக்கம் வந்துவிட்டது.

லாக் காலியாக இருந்தால் மட்டும், பிழைகளைத் திரையிலேயே காட்டும் டிஸ்ப்ளே_எரர்ஸ் அமைப்பை இயக்குங்கள். ஆனால் பிழை உள்ள கோப்பின் உள்ளேயே, அதை இயக்கும் ஐஎன்ஐ_செட் கட்டளையை எழுதினால், அரைப்புள்ளி விட்டுப்போனது போன்ற தொடரமைப்புப் பிழைகள் தெரியாது. கோப்பு முழுவதையும் வாசித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் பிஎச்பி முதல் வரியையே ஓட்டும். பிஎச்பி அமைப்புகளைத் தனியே எழுதிவைக்கும் .யூசர்.ஐஎன்ஐ கோப்பை உங்கள் ஹோஸ்டிங் ஏற்றால் அதில் எழுதுங்கள். மாற்றம் தெரிய 5 நிமிடம் வரை ஆகலாம், அதற்குள் வேலை செய்யவில்லை என்று அழித்துவிடாதீர்கள். பழைய நிரலாக இருந்தால் ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் @ குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். 8-க்கு முந்தைய பதிப்புகளில் அது கடும் பிழையைக்கூட விழுங்கிவிடும்.

வேலை முடிந்ததும் டிஸ்ப்ளே_எரர்ஸை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சர்வரின் கோப்புறைப் பாதையெல்லாம் வெளியாருக்குத் தெரியும். லாக்கை அணைக்க வேண்டாம். கூடவே டேட்.டைம்ஸோன் என்ற நேர அமைப்பில் ஆசியா/சிங்கப்பூர் என்று போட்டுவிடுங்கள்.

லாக்கில் கிடைக்கும் கடைசி வரியை, பாஸ்வேர்டு ஏதும் இருந்தால் நீக்கிவிட்டு, கேள்வியில் சேர்த்துவிடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.