விண்டோஸ் 11-க்கு மாற்றியதும் பழைய பில்களைக் காணோம்

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடைக்கு விபி 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே புதுக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தும் பழைய பில்கள் வரவில்லை, ஃபேனும் ஓயாமல் இரைகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

பதற வேண்டாம். பழைய கம்ப்யூட்டரை மட்டும் இப்போது ஃபார்மட் செய்துவிடாதீர்கள். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, சாதாரண யூசர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதினால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பிவிடும். பழைய கம்ப்யூட்டரில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் போய்த் தெரிய வையுங்கள். ஷீட், ஒட்டுப்பால் (உறைந்த கழிவு ரப்பர்) கணக்கெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடையில் இரண்டு பேர் தனித்தனி யூசரில் பில் போட்டிருந்தால் இரண்டு ஃபோல்டரையும் பாருங்கள்.

கிடைத்ததும் டேட்டாபேஸை, எல்லா யூசருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதற்கு எல்லா யூசருக்கும் எழுதும் அனுமதி கொடுங்கள். இதை விட்டால் ஒருவர் உருவாக்கிய ஃபைலை மற்றவர் திருத்த முடியாது. அப்புறம், மென்பொருள் எந்த அனுமதியோடு ஓட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் மானிஃபெஸ்ட் என்ற குறிப்பில் ஆஸ்இன்வோக்கர் (திறப்பவரின் அனுமதியே போதும்) என்று குறித்துச் சேர்த்தால் இந்தத் திருப்பிவிடும் வேலை நின்றுவிடும். தப்பான இடத்தில் எழுதினால் உடனே எரர் வரும், அதுதான் நல்லது.

ஃபேன் இரைவதற்குத் கம்ப்யூட்டரோடு இணைத்த தராசிலிருந்து எடையைப் படிக்கும் லூப்பைத்தான் (திரும்பத் திரும்ப ஓடும் கோட்) சந்தேகிக்கிறேன். அது டூஈவென்ட்ஸ் என்ற கட்டளையைப் போட்டு ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு, சீரியல் போர்ட்டைப் படிக்க விபி 6-இல் உள்ள எம்எஸ்காம் கன்ட்ரோலின் ஆன்காம் நிகழ்வைப் (டேட்டா வந்தால் மட்டும் எழுவது) பயன்படுத்துங்கள். எத்தனை எழுத்து வந்ததும் நிகழ்வு எழ வேண்டும் என்று சொல்லும் ஆர்திரெஷோல்டை 1 ஆக்க மறக்காதீர்கள். இயல்பாக அது 0, எடை வந்தாலும் நிகழ்வு எழாது.

வர்ச்சுவல்ஸ்டோரில் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.