டீலரிடம் கார் கொடுத்து ஐந்து மாதம், ஆர்சி இன்னும் உங்கள் பெயரில்

வணக்கம். அபராதச் சலான்கள் உங்களுக்கே வருகின்றன, டீலரோ கிளட்ச் போய்விட்டதாகச் சொல்லிப் பாக்கி 20,000 ரூபாயைத் தர மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாக்கியை விட ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் மாறுவது அவசரம். ஆர்சியில் பெயர் யாருடையதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என 2018இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பெயர் மாறும்வரை இன்சூரன்ஸை ரத்து செய்யவே வேண்டாம். ஃபாஸ்டேக்கை மட்டும் இன்றே மூடிவிடுங்கள்.

பெயர் மாற்றத்துக்காக நீங்கள் கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் 29, 30 டீலரின் மேசையில் கிடக்கும். வாங்க ஆள் கிடைக்கும்வரை அவர் அதைத் தொடமாட்டார். 2023 ஏப்ரலிலிருந்து உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் வண்டி அவர் கைக்குப் போனதைப் படிவம் 29சி வழியாக ஆர்டிஓவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அதன்பின் வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இல்லையென்றால் டெலிவரி நோட் (வண்டியை ஒப்படைத்ததற்கான சீட்டு), வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு ஆகியவற்றின் நகலோடு ஆர்டிஓவுக்கும் டீலருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். பெயர் மாற்ற டீலருக்கு 15 நாள் கெடு வையுங்கள். தாண்டினால் வக்கீல் நோட்டீஸ், கூடவே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

டெலிவரி நோட்டில் தேதியோடு நேரமும் இருக்கிறதா? ஒப்படைத்த அன்றைய சலானை மறுக்க அந்த நேரம்தான் உதவும்.

கிளட்ச் விஷயத்தில் இறங்கிப் போகாதீர்கள். ஓட்டிப் பார்த்து விலை பேசியது அவர்தான். ஒப்படைத்த அன்றைய கிலோமீட்டரையும் இன்றையதையும் எழுத்தில் கேளுங்கள். இடையில் ஓடியிருந்தால் தேய்மானம் அவர் கணக்கு.